நீட்டித் தைத்த சட்டை

"யோகெவெத்தைக் குளிப்பாட்டினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அத்தை."

ஸ்லாட்டா அத்தை சமையலறை மேஜையில் ஒரு தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பீங்கான், தங்க விளிம்பு. மாலையில் மண்டபத்தில் என் தங்கை பெரலுக்கு நிச்சயதார்த்தம். ஒப்பந்தத்தைப் படித்து முடித்ததும் இரண்டு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து இந்தத் தட்டைப் பிடித்து நாற்காலியின் முதுகில் ஓங்கி அடிப்பார்கள். உடைந்துவிட்டால் அவ்வளவுதான். கல்யாணமாகி விவாகரத்து வாங்கினாலும் வாங்கலாம், தட்டு உடைந்த நிச்சயத்தை முறிக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் அதில் கறார்.

மாப்பிள்ளை பெயர் அன்ஷல். யோகெவெத்தின் புருஷன். அவள் போன கோடையில் செத்துப்போனாள்.

அத்தை நிமிரவில்லை. "சில்லு தெறிக்காம இருக்க ரெண்டு சுத்து சுத்தணும்," என்றாள். "உடைஞ்சதும் உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வெச்சிருந்தா சீக்கிரம் அமையுமாம்."

"நான் கேட்டது வேற."

"கேக்கக் கூடாதத கேட்டா காதுல விழாது."

கேட்கக் கூடாதுதான். புரூக்ளினில் எங்கள் யூதத் தெருக்களில் சாகிற பெண்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்கும் குழுவுக்கு அத்தைதான் தலைவி. அந்த அறைக்குள் போகிறவர்கள் பார்த்ததைச் சொல்ல மாட்டார்கள். போகாதவர்கள் கேட்க மாட்டார்கள். பல் முளைக்காத வயதிலேயே எங்களுக்கு இதைச் சொல்லி வளர்ப்பார்கள். என்னிடம் அம்மா தனியாகவும் சொல்லியிருக்கிறாள்: "நீ எதைக் கேட்டாலும் கேளு, அந்த ரூம்ல நடந்ததை மட்டும் அத்தைகிட்ட கேட்டுடாதே."

நான் கேட்டது உடம்பில் மச்சம் இருந்ததா, தழும்பு இருந்ததா என்று இல்லை. தண்ணீர் ஊற்றினார்களா என்று மட்டும்தான். ஏனென்றால் எங்களிடம் ஒரே ஒரு மாதிரிச் சாவுக்குத்தான் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ரத்தம் கொட்டிச் செத்தவர்களுக்கு. அந்த ரத்தமும் உயிரோடு சேர்ந்தது, கழுவிவிடக் கூடாது. விழுந்தபோது உடுத்திய உடுப்போடு, போட்ட செருப்போடு, மேலே ஒரு வெள்ளைத் துணி சுற்றி அப்படியே மண்ணுக்குள் வைப்பார்கள்.

யோகெவெத் தூக்கத்தில் இதயம் நின்று செத்தாள் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். மலைப்பக்கம் கோடைவீட்டில். அன்ஷலின் தம்பி டாக்டர், அவன்தான் பார்த்துக் காகிதம் எழுதினான். சூரியன் விழுவதற்குள் புரூக்ளினுக்குக் கொண்டுவந்து அடக்கமும் செய்தாகிவிட்டது. இதயம் நின்று செத்தவளுக்குத் தண்ணீர் உண்டு. கைத்தையல் வெள்ளை உடுப்பு உண்டு. அந்த உடுப்புதான் சிக்கல்.

யோகெவெத் எங்கள் தெருவிலேயே உயரமான பெண். ஜெபக்கூடத்தில் பெண்கள் பக்கத் திரைக்கு மேல் அவள் தலைத்துணி தெரியும் என்று ஆண்கள் புகார் செய்து, அவளுக்காகவே திரையை உயர்த்தினார்கள். குழு ஒரே அளவில் தைத்து வைக்கும் உடுப்பு அவளுக்குப் போதாது, நீட்டித்தான் தைக்க வேண்டும்.

*

பெரலுக்கு ஏன் இவன் என்று கேட்பீர்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. குழந்தையிலிருந்து காதில் மெஷின். அது ஒரு குறை. அவளுடைய அக்கா, அதாவது நான், காலேஜ் போனவள். அது அதைவிடப் பெரிய குறை. எங்கள் குடும்பத்தில் அப்பா போகவில்லை, அண்ணன்மார் ஒருவரும் போகவில்லை. நான் போனேன். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு பழக்கும் படிப்பு. பெரலுக்காகத்தான் படித்தேன், பெரலுக்கே அது வினையாகிவிட்டது. மூன்று வரன்கள் "அக்கா எந்த காலேஜ்?" என்று கேட்டதோடு நின்றன. கடைசியில் தரகுக்காரி அன்ஷலைக் கொண்டுவந்தாள். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

எங்கள் ஆட்கள் வரன் விசாரிப்பதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளில் அவர்கள் வீட்டு மேஜைவிரிப்பு வெள்ளையா கலரா, சாப்பிட்டதும் தட்டுகளை மேஜையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்களா, உள்ளே கொண்டுபோய் அடுக்குவார்களா, பையன் கறுப்புத் தொப்பியைப் பின்னால் தள்ளி வைப்பானா, எல்லாம் கேட்பார்கள். அன்ஷல் வீட்டு மேஜைவிரிப்பு வெள்ளை. முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது மரியாதை இல்லையாம்.

தவிர, அன்ஷல் குழுவுக்குக் கொடுக்கிற ஆள். அத்தையின் குழுவுக்குப் புது அறை கட்டிக்கொடுத்தான், வெந்நீர்க் குழாயோடு. மனைவி செத்த அடுத்த மாதமே.

*

நேற்று எங்கள் காலண்டரில் ஆதார் மாதம் ஏழாம் நாள். மோசே செத்த நாள். அவரை அடக்கம் செய்தது கடவுளே என்பதால் அன்று அடக்கக் குழுக்காரர்களுக்குப் பண்டிகை. பகல் முழுக்க உபவாசம் இருந்து, கல்லறைக்குப் போய், "உங்களைக் குளிப்பாட்டும்போது மரியாதைக் குறைவாக ஏதாவது செய்திருந்தால் மன்னியுங்கள்" என்று செத்தவர்களிடம் கேட்பார்கள். இருட்டியதும் விருந்து. ஆண்கள் மேலே, பெண்கள் அடித்தளத்தில், அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து. வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள் அன்று ஒரு நாள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

அந்த விருந்தில் ஹைக்கூ ஆரம்பித்து வைத்தவள் நான். காலேஜில் ஒரு வகுப்பில் கற்றது. "ஜப்பான்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்குடி ஹிண்டா?" என்று முதல் வருஷம் கேலி செய்தார்கள். ஐந்து அசை, ஏழு அசை, ஐந்து அசை, அவ்வளவுதான், வீட்டு விஷயத்தையே சொல்லுங்கள் என்றேன். மறு வருஷம் ஒருத்தியையும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி சொல்லுவாள், மற்றவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கை தப்பினால் தண்டனையாக ஒரு சின்னக் கோப்பை பிளம் சாராயம்.

நேற்று முதலில் நான் சொன்னேன்:

ஐந்து தட்டுண்டேன்
"மெலிந்துவிட்டாய்" என்றாள்
ஆறாம் தட்டோடு

"யாரு, உங்கம்மாவா?" என்று கத்தினார்கள். "எல்லா அம்மாவும்தான்!" என்று அம்மாவே கத்தினாள். அடுத்து பேக்கரிக்காரி. ஓய்வுநாளில் விளக்கு எரியவோ அணையவோ நாங்கள் காரணமாக இருக்கக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் இருட்டும்வரை கதவைத் திறக்க முடியாது.

பல்பை மறந்தோம்
ஃபிரிட்ஜுக்குள் விருந்து
வெளியே நாங்கள்

"எங்க வீட்டுக் கதைய எவடி உனக்குச் சொன்னது!" என்று ஒருத்தி மேஜையைத் தட்டினாள். அப்புறம் அத்தை. கையில் குகல் என்கிற சுட்ட உருளைக்கிழங்குப் பலகாரத் தட்டோடு எழுந்து நின்றாள். நாங்கள் செத்தவர்களுக்குப் போடும் சட்டையில் பை இருக்காது.

பையில்லாச் சட்டை
இனிக் கடன் கேட்டாலும்
கையை விரிப்பேன்

அத்தைக்குக் கிடைத்த கைதட்டலில் மேலே இருந்த ஆண்கள் தரையை மிதித்து அதட்டினார்கள்.

அதற்குப் பிறகு டொய்பா அக்கா. அவளும் குளிப்பாட்டுகிறவள்தான், தையலும் அவள் கைதான். வருஷா வருஷம் வேண்டுமென்றே ஓர் அசையைக் கூட்டிச் சொல்லிவிட்டு, "ஐயோ தப்பிடுச்சே!" என்று கோப்பைக்குக் கை நீட்டுவாள். நேற்றும் அவள் எழுந்ததுமே யாரோ சாராயத்தை ஊற்றித் தயாராக வைத்தார்கள். அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. மேஜையின் அந்தக் கோடியில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பெரலைப் பார்த்தாள். நிதானமாகச் சொன்னாள்.

நீட்டித் தைத்ததை
உடுத்தாமல் போய்விட்டாள்
உயரக்காரி

பழக்கத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணி முடித்த விரல்கள் அப்படியே நின்றன. உயரக்காரி யார் என்று அங்கே யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"கணக்கு சரியா இருக்கு," என்றாள் பேக்கரிக்காரி, மெதுவாக.

"சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி உட்கார்ந்தாள் டொய்பா அக்கா.

அத்தை சாப்பாட்டுக்குப் பிந்தைய ஜெபத்தைச் சத்தமாக ஆரம்பித்தாள். கேக் இன்னும் வெட்டவே இல்லை.

*

இன்று காலை டொய்பா அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். "மாமி தூங்குறாங்க." மதியம் செய்தேன். "மாமி ஃப்ளோரிடா போயிட்டாங்க."

"தூக்கத்துலயேவா?"

வைத்துவிட்டாள்.

பிறகு எனக்குப் போன் வரத் தொடங்கியது. ஒவ்வொருத்தியும் வேறு ஏதோ கேட்பதுபோல் ஆரம்பித்து அங்கேயே வந்து முடித்தார்கள். "நேத்து டொய்பா ஏதோ சொன்னாளாமே, நான் பாத்திரம் கழுவப் போயிருந்தேன், ஒண்ணும் கேக்கல. நீயும் கேட்டிருக்க மாட்டே." பேக்கரிக்காரி மட்டும் நேராகப் பேசினாள். "ஹிண்டா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. புரிஞ்சுக்கோ." அவள் கணக்கு எண்ணியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பெரலிடம் போனேன். கண்ணாடி முன்னால் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டொய்பா அக்கா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். "அவரு ரொம்ப மெதுவா பேசுறாரு அக்கா, நல்லா உதடு தெரியற மாதிரி," என்றாள். "இதுவரைக்கும் எனக்காக அப்படி யாரும் பேசினதில்ல." நான் மறுபடி ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மெஷினை அணைத்தாள். சின்ன வயதிலிருந்து அவளுடைய கதவு அது. சாத்திவிட்டால் நான் கத்தினாலும் பயனில்லை.

அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. வாசலில் ஒரு சாக்லேட் கேக் பெட்டி, ரிப்பன் கட்டி. என் பெயருக்கு. உள்ளே ஓர் அட்டை.

சிரித்தேன் நானும்
உன் தங்கையும் சிரிப்பாள்
நான் பார்த்துக்கொள்வேன்

கீழே: அன்ஷல்.

அடித்தளத்தில் ஓர் ஆண் கிடையாது. வாசலில்கூட இல்லை. யாரோ ஒருத்தி போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் சமையலறையில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து, ஏழு, ஐந்து. உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்கிறான். அம்மா அட்டையைப் படித்துவிட்டு, "பாத்தியா, எவ்ளோ நல்ல மனசு! உன் கிறுக்குத்தனத்தக்கூட ரசிக்கிறாரு," என்றாள். "சாயங்காலம் தட்டு உடைக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு ஹைக்கூ சொல்லணும்னு அவரே கேட்டிருக்காரு. நல்லதா ஒண்ணு யோசி."

கேக்கை அப்படியே குப்பையில் போட்டேன். கோட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தேன்.

*

"காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தானுங்களா? செத்தவள வெச்சு விசாரணை பண்ண?"

"தண்ணி ஊத்தினீங்களா அத்தை?"

"செய்ய வேண்டியத செஞ்சோம்."

"செருப்போட போனாளா?"

அத்தை துணியின் நுனியைத் தட்டுக்கடியில் செருகினாள். செருகியதை எடுத்து மறுபடி செருகினாள். கீழே தெருவில் ஒரு கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"மூக்குல ரத்தம்னு எழுதியிருந்தது," என்றாள். "டாக்டர் எழுதிக் குடுத்திருக்கான். நான் டாக்டரா?"

"மூக்குல ரத்தம் வந்தவள நீங்க குளிப்பாட்டாம விடுவீங்களா? நீங்க? நகத்துக்கடியில அழுக்கிருந்தாக்கூட விடாத ஆளு நீங்க."

"ஹிண்டா, போதும்."

"காயம் பின்மண்டையிலயா? வயித்துலயா?"

"போதும்னேன்!" அத்தை தட்டை மேஜையில் வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தது. "சொல்றேன் கேளு. நாங்க வாயத் திறந்தோம்னா நாளைக்கு எவளும் தன் அம்மாவ எங்ககிட்ட குடுக்க மாட்டா. எல்லாருக்கும் உடம்புல ஏதோ ஒண்ணு இருக்கு மறைக்க. நாங்க பாக்கறோம், மறந்துடறோம். அதுக்குத்தான் எங்கள நம்புறாங்க. ஒருத்திக்காக அத உடைக்க முடியாது. நேத்து கல்லறைல யோகெவெத் கல்லுகிட்ட எல்லாரும் போனப்புறமும் நின்னேன். மன்னிப்பு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"வாய அடக்குடி!"

"பெரல்கிட்ட எந்த வருஷம் கேப்பீங்க?"

ஹாரன் மறுபடி அடித்தது. அத்தை ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்க்காமல்.

நான் சாப்பாட்டறைக்குப் போனேன். அலமாரியில்தான் தைத்த உடுப்புகளை அத்தை மடித்து வைப்பாள். முடிச்சில்லாத நாடாக்கள், பையில்லாத சட்டைகள், எல்லாம் ஒரே அளவு. அத்தை எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. ஒரு சாக்லேட் தாளைக்கூட நீவி வைப்பாள். அடித்தட்டில், மற்றவற்றுக்கு அடியில், ஒன்று மட்டும் தடிமனாக இருந்தது. உதறி விரித்தேன். என் தோளில் பிடித்தால் தரையில் புரண்டது. கீழே ஒரு சாண் அகலத்துக்கு வேறு துணி ஒட்டுப்போட்டிருந்தது. டொய்பா அக்காவின் தையல், அவசரமாகப் போட்டது. பெரலுக்குக் காதால் கேட்கத்தான் விருப்பமில்லை. கண் நன்றாகத் தெரியும்.

அத்தை கதவருகில் வந்து நின்றாள். "அத உள்ள வை."

"சாயங்காலம் நான் ஒரு ஹைக்கூ சொல்லணுமாம். மாப்பிள்ளையே கேட்டிருக்காரு. யோசிச்சு வெச்சிருக்கேன், கேக்கறீங்களா?"

"ஹிண்டா."

"தட்டுடைக்காதே
இந்த நீளச் சட்டைக்கு
உடம்பு எங்கே"

அத்தையின் வலக்கை பாவாடைமேல் இருந்தது. விரல்கள் தாமாக ஒவ்வொன்றாக மடங்கின. கடைசி விரல் மடங்கியதும் அவளே அதைக் கவனித்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கணக்கு சரியா அத்தை?"

"பாதிலயே உன்ன இழுத்து வெளிய போட்டுடுவாங்க."

"மூணு வரிதான். இழுக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். சட்டையத் தூக்கிக் காட்ட அவ்ளோ நேரம்கூட வேணாம். அப்புறம் நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

"வெளியாள்கிட்டயா?" அத்தைக்கு அதுதான் பெரிய அடியாக விழுந்தது. சட்டையை விட, ஹைக்கூவை விட. "காட்டிக்குடுத்தவள்னு பேரு வரும். உங்கம்மா தெருவுல நடக்க முடியாது. உனக்கு இந்த ஊர்ல கல்யாணம் கிடையாது. நீ செத்தா உன்னக் குளிப்பாட்டக்கூட ஒருத்தி வர மாட்டா. நானும் வர மாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னாள். எனக்கு அது தெரியும்.

சட்டையை மடித்து என் பைக்குள் வைத்தேன். மொத்தமும் உள்ளே போகவில்லை, ஒட்டுப்போட்ட பகுதி வெளியே தொங்கியது. தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"நான் செருப்போட போயிக்கிறேன் அத்தை."

படியிறங்கினேன். வாசலில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அன்ஷலின் கறுப்புக் கார் அதில் நின்றுகொண்டிருந்தது, அத்தையையும் தட்டையும் மண்டபத்துக்கு ஏற்றிப்போக. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். என் பையிலிருந்து தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தான்.

"நீங்களும் மண்டபத்துக்குத்தானே? ஏறுங்க, சாரே சொல்லியிருக்காரு."

"நான் நடந்து வர்றேன்னு உங்க சார்கிட்ட சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.